மண் வீட்டு ரீல்ஸுக்கு லைக் போட்டாச்சு... அந்தச் சுவரை வெச்சவர் யாருன்னு கேட்டீங்களா?

இன்ஸ்டாவில் 'மண் வீடு' என்று தேடிப் பாருங்கள். ட்ரோன் ஷாட்டில் செக்கச்செவேலென்று ஒரு வீடு இறங்கி வரும். வட்ட ஜன்னல், சுவரில் பதித்த கலர் பாட்டில், திண்ணையில் ஒரு பித்தளைச் சொம்பு, பின்னணியில் புல்லாங்குழல். 'ஏசியே வேணாம், நம்ம முன்னோர்கள் விஞ்ஞானிகள்' என்று கேப்ஷன். கமென்ட்டில் முதல் கேள்வி எப்பவும் ஒன்றுதான்: 'ப்ரோ, சதுர அடிக்கு எவ்ளோ ஆச்சு?'

நானும் இந்த மாதிரி ரீல்ஸ் நிறையப் பார்ப்பேன். சேவ் பண்ணியும் வெச்சிருக்கேன், என்னைக்காவது லோன் கிடைக்கும்கிற நம்பிக்கையில். ஆனா ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. வீட்டு ஓனர் பேசுவார், ஆர்க்கிடெக்ட் பேசுவார், சில வீடியோவில் அந்த வீட்டு நாய்க்கே தனி ஷாட் இருக்கும். மண்ணை மிதிச்சுக் குழைச்சு, அந்தச் சுவரை வெச்சவர் எங்கே? டைம்லாப்ஸில் ஒரு முதுகு தெரியும். அவ்வளவுதான்.

இதே தமிழ்நாட்டில் இன்னொரு பக்கம் என்ன நடக்குதுன்னும் பார்க்கணும். 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் 'கலைஞர் கனவு இல்லம்' திட்டத்தை அறிவித்தது தமிழக அரசு. 'குடிசையில்லா தமிழ்நாடு' என்பது இலக்கு. 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், முதல் வருஷத்துக்கு 1 லட்சம் வீடுகள், ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். வீட்டின் பரப்பு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் தளம். மத்திய அரசின் ஊரக வீட்டு வசதித் திட்டமும் இதே திசையில்தான் போகிறது. அதில் பயனாளியைத் தேடும்போது பார்க்கிற முக்கியமான அடையாளம், கச்சா சுவரும் கச்சா கூரையும். 'கச்சா' என்கிற அந்த அரசாங்க வார்த்தைக்குள் மண் சுவரும், சுடாத மண் கல்லும் அடக்கம்.

ஈ.சி.ஆர் பண்ணை வீட்டில் இருந்தால் 'சஸ்டைனபிள்', சிவகங்கை கிராமத்தில் இருந்தால் 'கச்சா'. ரெண்டும் ஒரே மண்தான் பாஸ்.

கான்கிரீட்டைத் திட்டுறதுக்கு முன்னாடி...

இந்த இடத்தில் நிறைய பேர் 'அரசாங்கம் நம்ம பாரம்பரியத்தை அழிக்குது' என்று ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். குடிசையிலிருந்து கான்கிரீட்டுக்குப் போகணும்கிற ஆசைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு, அது கொஞ்சம் கனமான வரலாறு.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 தலித் மக்கள், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். தாட்கோ என்ற பெயரை நீங்கள் கடன் திட்ட போஸ்டர்களில் பார்த்திருப்பீர்கள். 1974-ல் அது தொடங்கப்பட்டபோது அதன் முதன்மையான வேலை, ஆதிதிராவிடர் மக்களுக்குத் தீப்பிடிக்காத வீடுகள் கட்டித் தருவது. 'தீப்பிடிக்காத வீடு' என்பது ஒரு அரசு நிறுவனத்தின் நோக்கமாக எழுதப்பட வேண்டியிருந்தது என்றால், இங்கே குடிசையில் இருப்பது எவ்வளவு பயத்தோடு இருப்பது என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் 2018 நவம்பரில் கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டாவில் குடிசைகளும் ஓட்டு வீடுகளும் என்ன ஆனதென்று அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் 'மண் சுவர் இடிந்து பலி' என்று ஒரு செய்தியாவது வருகிறது. எங்கள் டெஸ்க்கிலேயே அதைப் பலமுறை டைப் செய்திருக்கிறேன். மழைக்கு நடுவில் தூங்குகிற குழந்தை மேல் சுவர் விழுமோ என்று பயப்படுகிறவரிடம் போய் 'மண் வீடு குளுகுளுன்னு இருக்கும் அக்கா' என்று சொல்ல எனக்கு வாய் வராது. கான்கிரீட் தளம் அவங்களுக்குப் பாதுகாப்பு மட்டுமில்லை, மரியாதையும்கூட.

ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆகணும். தீப்பிடித்தது எது? கீற்றுக் கூரை. புயலில் பறந்தது எது? பெரும்பாலும் கூரைதான். மழையில் விழுகிற சுவர்? அதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பல நேரம் அடியில் கல் அஸ்திவாரம் இருக்காது, கூரை விளிம்பு குட்டையாக இருக்கும், வருஷக்கணக்கில் பூச்சு பார்த்திருக்க மாட்டார்கள். கூரையும் அஸ்திவாரமும் பராமரிப்பும் செய்த தப்புக்கெல்லாம் சேர்த்து, மண் என்கிற பொருளே குற்றவாளி ஆகிவிட்டது. அந்தத் தீர்ப்போடு சேர்ந்து காணாமல் போனது ஒரு தொழில்.

சுவர் 'கட்டுறது' இல்லை, 'வைக்கிறது'

எங்கள் அப்பத்தா வீடு சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருந்தது. ஒன்றரை அடி தடிமன் மண் சுவர், பனங்கை வரிச்சு, நாட்டு ஓடு. அந்த ஊரில் யாரும் மண் சுவரைக் 'கட்டினாங்க' என்று சொல்ல மாட்டார்கள். 'சுவர் வெச்சாங்க' என்பார்கள். அது ஏன் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

செங்கல் சுவரை ஒரே மூச்சில் ஏற்றிக்கொண்டே போகலாம். மண் சுவர் அப்படி எழும்பாது. மண்ணை வெட்டி, தண்ணி விட்டு ஊறப்போட்டு, வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதிக்கணும். எங்கள் பக்கம் வரகு வைக்கோல் கிடைத்தால் விடமாட்டார்களாம். மிதித்த மண்ணை உருண்டை உருண்டையாகக் கையில் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அறைந்து ஒரு படை வைக்கணும். ஒரு படை என்றால் ஏறக்குறைய ஒரு முழம் உயரம். அதோடு அன்றைக்கு வேலை முடிந்தது. அது இறுகுகிற வரை காத்திருந்துதான் அடுத்த படை. அவசரப்பட்டால் கீழ்ப்படை பிதுங்கும். ரொம்பக் காயவிட்டால் மேல்படை ஒட்டாது. பாதி காய்ந்த நிலையில் மண்வெட்டியால் பக்கவாட்டைச் சீவி நேராக்கணும். எப்போது சீவணும் என்பதைச் சொல்ல எந்த ஆப்பும் கிடையாது. கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தால் தெரியும் என்பார்கள்.

சீசனும் இருக்கு. தை அறுவடை முடிந்ததும் ஆரம்பித்து, கோடை மழைக்கு முன்னாடி ஓடு ஏற்றிவிடணும். மாசி, பங்குனி, சித்திரை என்று கையில் இருப்பது மூணு மாசம்தான்.

எல்லா மண்ணும் சுவருக்கு ஆகாது. களி அதிகம் இருந்தால் காயும்போது வெடிக்கும். மணல் அதிகம் இருந்தால் உதிரும். இதை நீங்களே வீட்டில் சோதிச்சுப் பார்க்கலாம்: ஒரு கண்ணாடி பாட்டிலில் மூணில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணி ஊற்றி, நல்லா குலுக்கி அப்படியே வெச்சிடுங்க. முதலில் மணல் அடியில் இறங்கும், அதுக்கு மேல வண்டல், கடைசியாகக் களி. எந்தப் படிவு எவ்வளவு உசரம் என்று பார்த்தாலே அந்த மண்ணின் ஜாதகம் ஓரளவு தெரிந்துவிடும். பழைய ஆட்கள் இதையே ஈர மண்ணை உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டு, அது எப்படி உடைகிறது என்று பார்த்துச் சொல்வார்கள். மேல்மண்ணைத் தொடவே மாட்டார்கள், அது வெள்ளாமைக்கு. கரையான் புற்று மண் கிடைத்தால் அதைத் தரைக்கும் பூச்சுக்கும் எடுத்து வைப்பார்கள்.

கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி சித்தப்பா சொந்தக் காசில் கான்கிரீட் வீடு போட்டார். பழைய வீட்டை இடிக்க ஜே.சி.பி வந்த அன்றைக்கு நானும் ஊரில் இருந்தேன். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் அந்தச் சுவரை வெச்ச பெரியவரும் நின்றிருந்தார். அந்தச் சுவர் லேசில் விழவில்லை. டிரைவர் ரெண்டு தடவை இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார். "தாத்தா, வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன். "வருத்தம் என்ன தாயி, எம் மகனே கம்பி கட்டப் போறான். இப்ப யாரு என்னையக் கூப்பிடுறா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மூலையில மட்டும் மண்ணு சரியா ஊறல, அப்பவே உங்க தாத்தாகிட்ட சொன்னேன்" என்று கையை நீட்டிக் காட்டினார். அந்த மூலைதான் முதலில் விழுந்திருந்தது.

அப்பத்தா என்ன சொன்னாங்கன்னு கேட்பீங்க. அவங்களுக்கு சந்தோஷம்! இந்த உண்மையை மறைக்கக் கூடாது. ஒழுகாது, பாம்பு வராது, வீட்டுக்குள்ளேயே பாத்ரூம். மே மாசம் மட்டும் ராத்திரி உள்ளே படுக்க மாட்டாங்க, வாசலில்தான் கட்டில். இன்னொன்றும் சொன்னாங்க: "சாணி மெழுகுற வேலை விட்டுச்சு." மண் வீட்டைப் புகழ்கிற ஆண்கள் எழுதிய பதிவுகளில் இந்த வரியை நான் பார்த்ததே இல்லை. மண் வீடு நாற்பது, ஐம்பது வருஷம் நின்றது என்றால், ஒவ்வொரு பொங்கலுக்கும் யாரோ ஒருத்தி சுவரைப் பூசி, தரையை மெழுகினாள். அதற்கு யாரும் கூலி கொடுத்ததில்லை. பராமரிப்பு என்கிற விஷயத்தைப் பேசாமல் மண் வீட்டைப் பாதுகாக்கணும் என்று சொன்னால், அந்த வேலையை மறுபடி பெண்கள் தலையில் கட்டுகிறோம் என்றுதான் அர்த்தம்.

திம்பக்டுவில் நடந்தது

ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் திம்பக்டு என்று ஒரு பழைய நகரம். 2012-ல் அதைப் பிடித்த ஆயுதக் குழுக்கள், அங்கிருந்த சூஃபி ஞானிகளின் மண் கட்டடக் கல்லறைகளைக் கடப்பாரையால் இடித்துத் தள்ளின. உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருந்த கட்டடங்கள் அவை. பின்னர் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் இதைப் போர்க் குற்றமாக விசாரித்து, இடிப்பில் முக்கியப் பங்கு வகித்த ஒருவருக்கு 2016-ல் ஒன்பது ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

தீர்ப்பு வருவதற்கு முன்னாடியே, 2015 ஜூலைக்குள், இடிக்கப்பட்ட 14 கல்லறைகளும் திரும்ப எழுந்துவிட்டன. யுனெஸ்கோ உதவியது, பணம் வெளியிலிருந்து வந்தது. ஆனால் கட்டினது உள்ளூர்க் கொத்தனார்கள், பழைய முறையில். அந்தக் கை அங்கே உயிரோடு இருந்ததால்தான் அது முடிந்தது. அதே நாட்டில் ஜென்னே நகரத்தின் பிரமாண்டமான மண் மசூதி இருக்கிறது. இப்போது நிற்கிற கட்டடம் 1907-ல் முடிந்தது. வருஷா வருஷம் ஊரே திரண்டு திருவிழா மாதிரி அதற்கு மண் பூசுகிறது. கொத்தனார் சங்கம் மேற்பார்வை, பையன்கள் சேறு மிதிக்கிறார்கள், பெண்கள் தண்ணீர் சுமக்கிறார்கள். பூச்சு வேலை சுவருக்கும் நல்லது, அந்தப் பையன்களுக்கும் அதுதான் பள்ளிக்கூடம்.

நம்ம பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கு. 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பத்தில் கட்ச் பகுதி தரைமட்டமானபோது, அங்கிருந்த வட்ட வடிவ மண் வீடுகளில் பல தாக்குப்பிடித்து நின்றன. 'புங்கா' என்று பேர் (நம்ம பூங்கா இல்லை). வட்டமான சுவரும், பாரம் குறைந்த கூரையும் அதற்குக் கைகொடுத்தன. அதே பூகம்பத்துக்குப் பிறகான மறுசீரமைப்பில் உருவான ஹுன்னர்ஷாலா என்கிற பூஜ் நகர அமைப்பு, உள்ளூர்க் கைவினைஞர்களை வைத்தே வேலை செய்வதோடு, படிப்பை விட்ட இளைஞர்களுக்குக் கட்டடத் தொழில் சொல்லித் தருகிற பள்ளியும் நடத்துகிறது.

தமிழ்நாட்டிலேயே ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் 1989-லிருந்து இயங்குகிறது. செம்மண்ணோடு சுமார் 5 சதவிகிதம் சிமென்ட் கலந்து, கையால் இயக்குகிற பிரஸ்ஸில் அழுத்தி, சூளையில் சுடாமலேயே கல் செய்கிற முறையை உலகம் முழுக்கக் கொண்டு போனவர்கள் இவர்கள். செங்கல் சூளைக்கு விறகு வேண்டாம், மண்ணையும் பெரும்பாலும் அந்த மனையிலேயே எடுக்கலாம். உலகத்தின் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 7, 8 சதவிகிதம் சிமென்ட் துறையிலிருந்து வருகிறது என்பதை வைத்துப் பார்த்தால், இது சின்ன விஷயம் இல்லை. மண் கட்டடத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிகளும் இருக்கின்றன. அழுத்திச் செய்த மண் கல்லுக்கு ஐ.எஸ் 1725, மண் கட்டடத்தைப் பூகம்பம் தாங்கும்படி கட்டுவதற்கு ஐ.எஸ் 13827. இந்த ரெண்டாவது விதி 1993-லேயே வந்துவிட்டது. ஆக, 'மண்ணுக்கு ரூல்ஸ் கிடையாது, இன்ஜினீயர் கையெழுத்துப் போட மாட்டார்' என்று யாராவது சொன்னால் பாதி உண்மைதான். ரூல்ஸ் இருக்கு, அதைப் படித்த இன்ஜினீயர் குறைவு.

பட்டியலில் இல்லாத தொழில்

இப்போது நம்ம சுவர் வைக்கிறவரிடம் திரும்பி வருவோம். 2023 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய பி.எம் விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். கொத்தனார் இருக்கிறார், குயவர் இருக்கிறார், பூட்டு செய்கிறவரும் இருக்கிறார். மண் சுவர் வைக்கிறவர் தனியாக இல்லை. குலத்தொழிலை ஊக்குவிப்பதாகச் சொல்லி அதை ஏற்க மறுத்த தமிழக அரசு, 2025-ல் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 25 தொழில்கள், அப்பா செய்திருக்கணும்கிற கட்டாயமில்லை. இந்த அணுகுமுறை எனக்குப் பிடிச்சிருக்கு. ஏன்னா மண் சுவர் வைக்கிற வேலை பெரும்பாலும் நிலமில்லாதவர்கள் செய்த வேலை. 'பாரம்பரியம்' என்று சொல்லி ஒருத்தரை அப்பாவின் சேற்றிலேயே நிற்க வைக்கிறதுக்குப் பேர் பாதுகாப்பு இல்லை. அந்தத் தாத்தாவின் மகன் கம்பி கட்டப் போனதில் எந்தத் தப்பும் இல்லை. அதில் வருஷம் முழுக்க வேலை, வாரக் கூலி. இதில் மூணு மாச சீசன், கூப்பிட ஆளில்லை.

ஆனால் வீடு கட்டுகிற திட்டத்துக்கும் கைத்தொழில் திட்டத்துக்கும் நடுவில்தான் ஓட்டை. ஊரக வீட்டுத் திட்டத்தின் கீழ் கொத்தனார்களுக்கு 45 நாள் பயிற்சி உண்டு. நிஜமான வீட்டைக் கட்டிக்கொண்டே கற்றுக்கொள்கிற நல்ல ஏற்பாடு. அந்த 45 நாளில் ஒரு வாரம் மண்ணுக்கு ஒதுக்கினால் என்ன? அந்த வாரத்துக்கு ஊரில் இருக்கிற எழுபது வயசுக்காரரைப் பயிற்சியாளராக்கி, பயிற்சியாளருக்கான சம்பளத்தையே கொடுத்தால் என்ன? கூரை கான்கிரீட்டாகவோ நல்ல ஓடாகவோ இருக்கட்டும், அஸ்திவாரம் கல்லாக இருக்கட்டும், சுவருக்கு மட்டும் அழுத்திய மண் கல்லையும் ஒரு சாய்ஸாகப் பயனாளிக்குக் காட்டலாமே. வேண்டாம் என்று சொல்கிற உரிமை அவங்களுக்குத்தான். ஆனால் 'மண் என்றாலே கச்சா' என்ற கட்டத்தில் டிக் அடிக்கிறவரை அந்த சாய்ஸே வராது. கைக்கு வேலை இல்லாத கலையை டாக்குமென்டரி எடுத்துக் காப்பாத்த முடியாது.

அவசரமும் இருக்கு. இந்த அறிவு எழுத்தில் இல்லை. எந்த ஏரி மண் எதற்கு ஆகும், எந்தப் பக்கச் சுவருக்கு மழைச் சாரல் அடிக்கும் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். அதைத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் மூணு பேர் இருந்தார்கள். இப்போது ஒருத்தர்.

நீங்கள் நிஜமாகவே மண் வீடு கட்டுகிற பிளானில் இருந்தால் கொஞ்சம் நடைமுறை. மண் சுவர் மேல் சிமென்ட் பூச்சு பூசலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மண் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே தேங்கிய ஈரத்தில் சுவர் பலவீனமாகி, ரெண்டு மூணு மழைக்குள் பூச்சு தகடு தகடாக உரியும். மண் பூச்சோ சுண்ணாம்புப் பூச்சோதான் சரி. கூரை விளிம்பு நன்றாக வெளியே நீண்டிருக்கணும், சுவர் தரையிலிருந்து ரெண்டடியாவது கல் கட்டின் மேல் நிற்கணும். சென்னை மாதிரி ராத்திரியும் புழுங்குகிற ஊரில் மண் சுவர் மட்டும் மாயம் செய்யாது, குறுக்குக் காற்று வர ஜன்னல் வேணும். சுவர் வெயிலை மெதுவாக உள்ளே விடும், அவ்வளவுதான். ஏசியே வேண்டாம் என்பது ஊரைப் பொறுத்தது.

விலை மலிவு என்றும் நம்பி இறங்காதீர்கள். மண் இலவசமாகக் கிடைக்கலாம், கை இலவசம் இல்லை. செலவில் பெரும்பகுதி கூலியாகப் போகும். அந்தக் கூலி யார் கைக்குப் போகிறது என்று கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். சுவர் வைக்கிறவரின் பெயர், ஊர், நாள் கூலி. பதில் தெரியாமல் அவர் முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

போன மாசம் ஊருக்குப் போனபோது தாத்தாவிடம் பாட்டில் சோதனையைக் காட்டினேன். சிரித்துவிட்டு, பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இது எந்த மண்ணு, கம்மாக்கரையில எடுத்தியா?" என்றார். ஆமாம் என்றேன். "சுவருக்கு ஆகாது. மேட்டுப் பக்கம் வா, காட்டுறேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.